நாலாம் இடத்துப் பூஜ்யம்

“இந்தப் பூஜ்யத்தை இன்னும் எத்தனை காலத்துக்குச் சும்மா உட்கார வச்சு சோறு போடப் போறீங்க?”

டீம் தலைவி கேட்டாள். டீமில் கனாக்காரன் என்று பேர் வாங்கியவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே மழை பெய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவனும் அந்த ரகம்தான். கேட்டதும் பதில் வராது.

அவர்களுக்குக் கணினிக்கு நாடி பார்க்கும் வேலை. ஆபரேட்டிங் சிஸ்டம் தன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை எண்களாக வரிசையில் வைக்கும். வெளியே இருக்கும் புரோகிராம்கள் வந்து படித்துக்கொள்ளும். நாலாவது இடம், எப்போதோ வழக்கொழிந்துபோன ஒரு கருவிக்கு ஒதுக்கியது. இப்போது அங்கே வெறும் பூஜ்யம்.

“அதை எடுத்தா பின்னாடி இருக்கறதெல்லாம் ஒரு இடம் முன்னாடி நகர்ந்துடும், மேடம். பழைய புரோகிராம் ஏதாவது தடுமாறும்.”

“ஏன் தடுமாறணும்? இடத்தை எண்ணி எடுக்காதே, பேரைச் சொல்லிக் கேளுன்னு விதி இருக்கு. அந்த விதியை எழுதினதே நான்தான். மீறினவன் அனுபவிக்கட்டும்!”

அவள் மேசைமேல் இருந்த படத்தில், சின்ன வயதில் அவள் வளர்த்த பூனை, தெருச்சண்டையில் பாதிக் காதைப் பறிகொடுத்தும் மிதப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இன்னிக்கு நானே எடுக்கறேன். ஏதாவது கெட்டா காட்டுங்க. கெடலைன்னா நீங்க வேற டீம் பார்த்துக்கலாம்.”

கனாக்காரனின் முகம் வாடிவிட்டது. பாவம், அவனுக்கு இந்த வேலையை விட்டால் வேறு உலகம் கிடையாது.

சோதனை அறைப் பக்கம் அவள் வந்து வெகுகாலம் ஆகிறது. மங்கிய நீல வெளிச்சம். மின்விசிறிகளின் ஒரே சீரான முனகல். உள்ளே போனால் யாருக்கும் கண் சொக்கும். பழைய புரோகிராம்கள் அங்கே அரைத்தூக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

பூஜ்யத்தை எடுத்தாள். எந்தத் திரையிலும் ஒன்றும் ஆகவில்லை.

“பார்த்தீங்களா?”

அப்போதுதான் மூலைத் திரையில் சுருண்டு தூங்கிய குட்டியூண்டு பூனை துள்ளி எழுந்து, பேய் பிடித்ததுபோல் அங்கும் இங்கும் ஓடியது.

“இது என்ன கூத்து?”

“பளு காட்டுற புரோகிராம், மேடம். மிஷின் சும்மா இருந்தா பூனை தூங்கும். திணறினா எழுந்து ஓடும். அஞ்சாவது இடத்தைப் படிக்குது. இப்ப அங்க வேற எண்.”

“எண்ணித்தானே எடுத்திருக்கான்! எவன் எழுதின குப்பை இது? சொல்லுங்க, அவன் காதைத் திருகறேன்!”

“எழுதினவங்க அப்ப வேலைக்குப் புதுசு, மேடம். ஆனா பல ஊர்த் தண்ணி நிலையத்துல இன்னும் இந்தப் பூனையைத்தான் நம்பி இருக்காங்க. இது ஓடினா பம்பை நிறுத்திடுவாங்க. ஊருக்குத் தண்ணி போகாது.”

“இதை ஏன் முன்னாடியே சொல்லலை? உங்க வேலையே போயிருக்குமே!”

அவன் வழக்கம்போல் ஜன்னலைத் தேடினான். அந்த அறையில் ஜன்னல் இல்லை.

“சொன்னா, எழுதினது யாருன்னு எல்லாரும் கேப்பாங்க. அவங்களுக்குத் தலைகுனிவு, மேடம்.”

அவள் திரைக்கு அருகே குனிந்தாள். பிறகு பூஜ்யத்தைப் பழைய இடத்திலேயே வைத்தாள். பூனை நின்றது, கொட்டாவி விட்டது, சுருண்டு படுத்தது.

அதற்கு ஒரு காது பாதிதான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து அதைப் புள்ளி புள்ளியாக வரைந்தவள் அவள்தான்.

அவள் கை தானாகத் தன் காதுக்குப் போயிற்று.