தமிழ் அர்த்தம்

"அர்த்தத்தைப் பக்கத்துல தமிழ்ல எழுதணும்னு எத்தனை தடவை சொல்றது?" ஸ்போக்கன் இங்கிலீஷ் வாத்தியார் எரிந்து விழுந்தார்.

"இங்கிலீஷ்லயே இருக்கட்டும் சார்" என்றாள் அந்தப் பெண், வாசலைப் பார்த்தபடி.

வாசலில் அவள் கணவன் காத்திருந்தான். வகுப்பு முடிந்ததும் அவள் கைப்பை, போன், நோட்டு எல்லாவற்றையும் வாங்கிப் புரட்டிப் பார்ப்பது அவன் வழக்கம். அக்கறையான மனுஷன் என்று வாத்தியாருக்கு அவன்மேல் தனி மரியாதை.

அன்றைய வீட்டுப்பாடம் 'கெட்' வினைச்சொல். கெட் அப், கெட் ஆன், கெட் அவே என்று பத்து வாக்கியங்கள். நாற்பது நோட்டுகளையும் இலக்கணம் மட்டும் பார்த்துத் திருத்தித் தள்ளினார். அவளுடையதில் ஒரு பிழைகூட இல்லை. அந்தச் சந்தோஷத்தில், பத்துக்கும் தானே சிவப்பு மையில், என்ன எழுதுகிறோம் என்றுகூடக் கவனிக்காமல், மளமளவென்று தமிழ் அர்த்தம் எழுதிக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் அவள் வரவில்லை. அவள் நோட்டோடு போலீஸ்காரர் வந்தார்.

"அந்தம்மா பிணத்துக்குப் பக்கத்துல கிடந்துச்சு சார். புருஷனுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. இந்தத் தமிழ் யார் எழுதினது?"

தன் முத்து முத்தான கையெழுத்தை வாத்தியார் அப்போதுதான் படித்தார்.

'அவரிடமிருந்து தப்பித்துப் போக எனக்கு உதவுங்கள்.'