டிஸ்குக்கு ஒரு சுவிட்ச்

“யார் யார் இருக்காங்க, எங்க உட்கார்ந்திருக்காங்க, அதையும் எழுதிடுங்க. நான் அங்க இல்லவே இல்லன்னு அப்புறம் யாரும் சொல்லக் கூடாது” என்றார் விசாரணை அதிகாரி.

தலைமை எழுத்தர் எழுதினார். மேசையின் தலைப்பக்கம் விசாரணை அதிகாரி. அவருக்கு வலப்பக்கம் ஆலையின் மேனேஜர். இடப்பக்கம், திறந்து வைத்த கம்ப்யூட்டர் பெட்டியோடு மெக்கானிக். கதவோரம் இரும்பு நாற்காலியில், இறந்துபோன பாய்லர் ஆபரேட்டரின் மனைவி. ஜன்னலோரம் தலைமை எழுத்தர். அவளுடைய உடன்பிறந்த அண்ணன்.

ஜன்னலில் கண்ணாடி இல்லை, அட்டைதான். பத்து நாளைக்கு முன் ஒரு புதன்கிழமை பாய்லர் வெடித்தபோது கண்ணாடி போனது. ஆபரேட்டரையும் சேர்த்து நாலு பேர் போனார்கள்.

“அழுத்தத்தை வெளியேத்துற வால்வு இறுகுதுன்னு அவர் எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல சார். சொல்லியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனா? முழுக்க அவரோட கவனக்குறைவு” என்றார் மேனேஜர்.

“வாராவாரம் டைப் பண்ணி வச்சாரு சார்” என்றாள் மனைவி. “செத்த மத்த மூணு பேர் வீட்லயும் என்னைப் பாத்தா கதவைச் சாத்துறாங்க. கொன்னவன் பொண்டாட்டியாம். என் பொண்ணு ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குறா. அவர் எழுதினது அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. பாருங்க சார்.”

கம்ப்யூட்டரின் பிரதான டிஸ்க், வெடிப்புக்குப் பின் மூன்றாம் நாள் பழுதாகிப் போயிருந்தது. ஆனால் பெட்டிக்குள் இன்னொன்று இருந்தது. அலமாரியில் உறை பிரிக்காமல் கிடந்த உபரி டிஸ்கை ஆபரேட்டரே பொருத்தி, அதற்குப் போகும் கரண்ட் ஒயர்களை வெட்டி, நடுவில் ஒரு சுவிட்சைக் கோத்து, பெட்டியின் முகப்பில் துளை போட்டு இறக்கியிருந்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மட்டும் சுவிட்ச் மேலே போகும். அந்த வாரக் குறிப்புகள் நகலாகும். சுவிட்ச் கீழே வரும். மற்ற நாளெல்லாம் டிஸ்க் தூங்கும். சுவிட்ச் போட்ட ஒவ்வொரு தடவைக்கும் பதிவேட்டில் ஒரு வரி. நகலெடுப்பது ஆபரேட்டர், வரி எழுதுவது தலைமை எழுத்தர்.

“வேலையைச் சுத்தமா செஞ்சிருக்காருங்க” என்ற மெக்கானிக், சுவிட்சை மேலே தள்ளி, தான் கொண்டு வந்த டிஸ்கை வைத்துக் கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தார். பெட்டிக்குள் மெல்லிய முனகல் கேட்டது. மனைவி எழுந்து நின்றுவிட்டாள்.

மெக்கானிக் திரையையே பார்த்தார். பிறகு மூக்கைச் சொறிந்தார்.

“காலிங்க.”

“எழுதி அழிச்சதா, எழுதாமலே கிடந்ததா?” என்று கேட்டார் அதிகாரி.

“சொல்ல முடியாதுங்க. கழுவிக் கவுத்த பாத்திரம் மாதிரி இருக்கு.”

“அப்போ வாராவாரம் மனுஷன் சும்மா சுவிட்சைத் தட்டி விளையாடியிருக்காரு” என்று மேனேஜர் சிரித்தார்.

“ஒரு நிமிஷங்க” என்றார் மெக்கானிக். “எத்தனை தடவை கரண்ட் வந்துச்சுன்னு டிஸ்க் தானே எண்ணி வச்சுக்கும். இது நாப்பத்தி மூணுங்குது. பதிவேட்ல எத்தனை?”

“நாப்பத்தொண்ணு” என்றார் தலைமை எழுத்தர், புரட்டிப் பார்க்காமலே.

“இப்ப நான் போட்டது ஒண்ணு. நாப்பத்தி ரெண்டு. ஒண்ணு உதைக்குதே!”

“மெஷின் தப்பா எண்ணாதாக்கும்?” என்றார் மேனேஜர்.

“அதுக்கென்ன சார், சம்பளமா, பதவி உயர்வா? பொய் சொல்லி அதுக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல” என்றார் மெக்கானிக்.

மனைவி ஜன்னலோரம் ஓடி வந்தாள். “யாரோ தொட்டு அழிச்சிருக்காங்க! பதியாம அவர் அந்தச் சுவிட்சைத் தொடவே மாட்டாரு. சொல்லுங்கண்ணா! நீங்க ஒரு வரிகூட விட்டதில்லையே!”

அதிகாரி தலைமை எழுத்தரைப் பார்த்தார். “பதிவேடு சரின்னா, யாரோ கை வச்சிருக்காங்கன்னு மேல விசாரிக்கணும். ஒரு வரி விட்டுப்போயிருந்தா, ஆபரேட்டர் மேல தப்புன்னு இன்னியோட முடிச்சிடலாம். உங்க வார்த்தைதான்.”

தலைமை எழுத்தர் பேனாவை மூடினார். திறந்தார். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஒரு வரி விட்டுப்போச்சு சார். என் தப்புதான்.”

அவள் அழவில்லை. “அவர் மேல மண்ணு போட்டது, தூக்கிட்டுப் போன நாலு பேர்தான்னு நினைச்சேன். நீங்க அஞ்சாவதாண்ணா” என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

“சரி, விட்ட வரியை எழுதிச் சேர்த்து, பதிவேட்டையும் அறிக்கையோட வச்சு அனுப்பிடுங்க” என்ற அதிகாரி அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். முத்திரையை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

தலைமை எழுத்தர் பதிவேட்டைத் திறந்தார். வழக்கமான குண்டு எழுத்தில் நிதானமாக எழுதினார். இரண்டையும் உறைக்குள் வைத்தார்.

“இப்படிக் கொடுங்க” என்று வாங்கிய மேனேஜர், தானே பசை தடவிக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டி, முத்திரையையும் குத்தினார். தலைமை எழுத்தரின் தோளைத் தட்டினார். “நல்ல நேரத்துல நல்ல வார்த்தை சொன்னீங்க. என் கார்லயே அனுப்பிடுறேன். டிரைவர்! இதைத் தலைமை அலுவலகத்துல கொடுத்து, கையோட கையெழுத்து வாங்கிட்டு வா.”

கார் வாசலைத் தாண்டியது. உறைக்குள், பதிவேட்டின் நாற்பத்திரண்டாவது வரியில் மை இன்னும் காயவில்லை: “வெடித்த மறுநாள், வியாழன், காலை பத்தரை. சுவிட்சைப் போட்டது: நான். அழித்தவை: வால்வு இறுகுகிறது என்று ஆபரேட்டர் எழுதிய நாற்பத்தொரு வாரக் குறிப்புகள். அருகில் நின்று அழிக்கச் சொன்னவர்: மேனேஜர்.”