உதறும் வேன்

கட்டின புருஷனை ஒர்க்‌ஷாப்பில் எல்லார் முன்னாடியும் ஒருத்தி இப்படியா பேசுவாள், நீங்களே சொல்லுங்க?

"வேன் ஓட்டுறீங்களா, மாவு சலிக்கிறீங்களா? உள்ளே உட்கார்ந்தா பல்லெல்லாம் ஆடுது!"

வேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற பழைய வேன். சாயங்காலம் ஸ்கூல் விடுவதற்குள் வாசலில் போய் நிற்க வேண்டும்.

"மாப்ள, சீக்கிரம் பார்த்து விடு," என்றார் மெக்கானிக்கிடம். "கடகடன்னு ஒரு சத்தம். அப்பப்போ லேசா ஒரு உதறல். பழைய வண்டின்னா இருக்கறதுதானே?"

"லேசாவா?" மனைவி விடவில்லை. "நேத்து சிக்னல்ல நீங்க துள்ளின துள்ளல்ல, முன்னாடி நின்ன சைக்கிள்காரர் பயந்துபோய் பிளாட்பாரத்துல ஏறிட்டார்!"

மெக்கானிக் வண்டிக்கடியில் புகுந்தார். சைலன்சரைப் பிடித்திருந்த பட்டை தளர்ந்திருந்தது. முறுக்கினார். கடகட சத்தம் நின்றுபோனது.

"அவ்வளவுதாம்மா."

"சத்தம் போச்சு. உதறல்?"

மெக்கானிக்கே வேனை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றிவிட்டு வந்தார். "சும்மா வழுக்கிக்கிட்டுப் போகுதே!"

"உங்களுக்குத் தெரியலன்னா இல்லைன்னு ஆயிடுமாண்ணே?"

"சரி மாப்ள, நீ ஓட்டு. நான் பக்கத்துல உட்கார்றேன்."

இந்த முறை தெருமுனை திரும்புவதற்குள் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. திரும்பி வந்ததும் மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். எஞ்சினைத் தாங்குகிற ரப்பர், பிளக், பெட்ரோல் குழாய், சக்கரம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"எதுன்னே பிடிபடலையே..."

"பிடிபடற வரைக்கும் வண்டி இங்கேயே கிடக்கட்டும்." வெடுக்கென்று சாவியை உருவிக்கொண்டாள்.

"ஏய்! பிள்ளைங்க வாசல்ல காத்துக் கிடக்கும்டி!"

"பக்கத்துத் தெரு வேன்காரர்கிட்ட சொல்லியாச்சு. அவர் கூட்டிட்டு வந்துடுவார்."

வேன்காரர் முகம் சுண்டிப்போனது.

"என் பிள்ளைங்க இன்னொருத்தன் வண்டியிலயா? யாரைக் கேட்டுடி சொன்ன? இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்திருக்குமா?"

"விழுந்ததில்ல. இனியும் விழக் கூடாது."

பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கூட கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். "நல்லா வந்து மாட்டினான்யா மனுஷன்!" என்று யாரோ முணுமுணுத்தது அவள் காதிலும் விழுந்தது. அசையவில்லை.

"இப்பவே அந்தாளுக்கு போன் போட்டு வேண்டாம்னு சொல்றேன்." வேன்காரர் போனை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போனார்.

மெக்கானிக்குக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, அவன் பொழப்பே இந்த வண்டிதான். நான் ஓட்டினா ஒண்ணுமே இல்ல. இல்லாத கோளாறைச் சொல்லி ஏன் அவனை இப்படி அசிங்கப்படுத்துற?"

அவள் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். குரல் இறங்கியது.

"தெரியும்ணே. வண்டியில ஒண்ணும் இல்ல. மிதிக்கிற கால்தான் நடுங்குது. டிவி பார்க்க உட்கார்ந்தாகூட அந்த வலது கால் தன்னால ஆடுது. டாக்டர்கிட்ட போலாம்னா, 'வண்டி உதறி உதறி காலுக்குப் பழகிடுச்சு'ன்னு சாதிக்கிறார்."

மெக்கானிக் திறந்திருந்த பானெட்டை மெல்ல மூடினார்.

"எல்லார் முன்னாடியும் வண்டியைக் குறை சொன்னா கோபம்தான் படுவார். காலைச் சொன்னா மனுஷன் உடைஞ்சே போயிடுவார்ணே."

வெளியே செருப்புச் சத்தம் நெருங்கியது. சாவியை மெக்கானிக் கையில் திணித்தாள்.

"நாளைக்கு எப்படியாவது டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிடறேன். அதுவரைக்கும், வண்டியில பெரிய கோளாறுன்னு ஏதாவது ஒரு பேரைச் சொல்லி, இதை இங்கேயே நிறுத்தி வச்சுக்குங்கண்ணே!"