எரிதழலோனின் இரண்டாம் பக்கம்

"உங்கட கசற் தேஞ்சு போச்சு, மாஸ்ரர்," என்றார் பீற்றர். "அதுவும் இரண்டாம் பக்கம். இன்னும் நாலு தரம் ஓடினா அறுந்திடும்."

கேட்ட அருளம்பலம் அப்படியே கட்டிலில் இருந்துவிட்டார். அந்தக் கட்டிலுக்குக் கீழேதான் 'எரிதழலோன்' என்ற புனைபெயரில் அவர் அச்சிட்ட கவிதைப் புத்தகம், முந்நூறு பிரதியில் இருநூற்றெண்பத்தாறு, கட்டுப் பிரிக்காமல் கிடந்தது.

வடக்கே ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்தவர் அவர். சண்டையில் ரயில் நின்றுபோக, வெள்ளவத்தையில் ஓர் அறைக்கு வந்து சேர்ந்தார். இருபத்தெட்டு வருடம் எஞ்சினோடு போட்டிபோட்டுக் கத்திய குரல் மட்டும் குறையாமல் கூட வந்திருந்தது.

பீற்றர் துறைமுகத்தில் கிளாக்கர். ஊரைவிட்டு வந்த கவிஞர்களைக் கொட்டாஞ்சேனையில் மனைவி சமைக்கும் குசினியை ஒட்டிய தன் வீட்டு ஹோலில் இருத்தி, கவிதை வாசிக்கவைத்து, அதைப்பற்றிக் கதைக்கவைத்து, எல்லாவற்றையும் கசற்றில் பதிந்துவைப்பார். "புத்தகம் ஒரு வீட்டோட எரிஞ்சு போயிடும், மாஸ்ரர். குரல் நூறு பேரிட காதில இருந்தா எரியாது," என்பார். ஆகவே கேட்டவர்களுக்கெல்லாம் இரவல் கொடுத்து, பெயரைக் கொப்பியில் குறித்துக்கொள்வார்.

மற்றக் கவிஞர்கள் இரண்டு தரம், மூன்று தரம் இரவல் போயிருந்தார்கள். எரிதழலோன் முப்பத்தொரு தரம். அவ்வளவும் நவம்பர் பிறந்த பிறகு.

"ஆர் கேக்கினம்?" அருளம்பலத்தின் குரல் முதன்முறையாகத் தணிந்தது.

"எல்லாம் எங்கட பக்கத்துப் பொம்பிளையள்தான். சும்மா கேக்கேல்லையாம். கொப்பி வைச்சு எழுதி எடுக்கினமாம்."

"எழுதியோ!"

இனிக் கவிதைப் பக்கமே தலைவைப்பதில்லை என்று போன மாதம்தான் அவர் சத்தியம் செய்திருந்தார். மறுநாள் காலை முகம் வழித்து, கலியாணங்களுக்கு மட்டும் எடுக்கும் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு மட்டக்குளி பஸ்ஸில் ஏறினார். கசற் இப்போது ஜம்பட்டா வீதியில் மெற்றில்டா ரீச்சர் வீட்டில் இருப்பதாகப் பீற்றர் சொல்லியிருந்தார்.

வழியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். "கொஹெத யன்னே?" என்று ஆமிக்காரன் கேட்டான். எங்கே போகிறாய் என்று கேட்டவனிடம் அருளம்பலம், "மம கவி லியனவா," என்று நெஞ்சை நிமிர்த்தித் தான் கவிதை எழுதுகிறவன் என்பதைச் சொன்னார். எங்கே அங்கேயே ஒன்றை எடுத்துவிடப்போகிறாரோ என்று பயந்தவன்போல அவன் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்து, "யன்ன, யன்ன," என்று விரட்டினான்.

ஜம்பட்டா வீதியில் திரும்பும்போதே தன் குரல் அவருக்குக் கேட்டது. வீட்டு வாசலில் நின்று யன்னலால் எட்டிப் பார்த்தார். கசற் போடும் ரேடியோவைச் சுற்றி ஐந்து பெண்கள். பக்கத்து வீட்டு ஷபீகாவின் கையில் பென்சில். ஒருத்தி ரேடியோவோடு காதை ஒட்டியிருந்தாள்.

"உஷ்! இப்ப வருது, இப்ப வருது!" என்றார் மெற்றில்டா ரீச்சர்.

எரிதழலோன் கர்ஜித்தார். "எழு! எழு! எரிமலையே எழு!"

"நிப்பாட்டு! திரும்பப் போடு!" என்று ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். திரும்பப் போட்டார்கள். பிறகும் போட்டார்கள். வாசலில் நின்ற அருளம்பலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான்தான்," என்றார், உள்ளே காலை வைத்தபடி. "அந்தக் குரல் என்ரதான்."

பெண்கள் திடுக்கிட்டு எழும்பினார்கள். "மாதாவே, நீங்களோ!" என்று மெற்றில்டா ரீச்சர் இருந்த ஒரே சாய்மனைக் கதிரையை அவருக்கு இழுத்துப் போட்டார். "நல்ல நேரம் வந்தியள். ஒரே ஒரு இடத்தில நாலு கிழமையாத் தடக்குப்படுகிறம்."

"தயங்காமக் கேளுங்கோ."

ஷபீகா கொப்பியை நீட்டினாள். "சேர், இந்த எடத்துல வாறது எழுவா, ஏழா?"

அருளம்பலத்துக்குப் புல்லரித்தது. ஒரு விமர்சகனாவது, ஒரு பண்டிதனாவது அவருடைய வரியில் குறிலா நெடிலா என்று இதுவரை கேட்டதுண்டா?

"எழு! குறில்!" என்றார். "எழும்பி நில் எண்டு அர்த்தம். அடக்கப்பட்ட மனிசனைத்தான் நான் எரிமலையா உருவகிக்கிறன். அவன்ர உள்ளுக்குள்ள கொதிக்கிற..."

"அப்ப ஏழு இல்லையா?" என்று ஷபீகா இடையில் மறித்தாள்.

"இல்லவே இல்லை. ஏழுக்கும் இந்தக் கவிதைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது!"

வீடு செத்த வீடுபோல ஆனது. ஷபீகா கொப்பியில் எதையோ அழிறப்பரால் தேய்த்து அழித்தாள். ஒருத்தி தலையில் கை வைத்தாள். "அதுதானே பாத்தன், மூண்டு தரமும் கல்லு மாதிரி வந்தது," என்று இன்னொருத்தி முணுமுணுத்தாள்.

மெற்றில்டா ரீச்சர் கவிஞரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அப்ப, உங்கட குரலுக்குப் பின்னால குசினிக்குள்ள நிண்டு பீற்றரிட மனுசி நத்தார் லவ் கேக்குக்கு எத்தினை முட்டை எண்டுதான் சொல்லுறா?"