பத்தே நிமிடத்தில்

“அந்த ஆளை நீதான்டா கண்டுபிடிச்சுத் தரணும். அவன் வாசல்ல போய் நின்னு ஒரே ஒரு கேள்வி கேக்கணும். அதுக்கப்புறம் நான் எந்த வம்புக்கும் போகமாட்டேன்.”

ஒரு காலில் செருப்போடு உள்ளே வந்து நின்ற அக்காவைப் பார்த்ததும் தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“முதல்ல உட்காருக்கா. எந்த ஆளை?”

“சிலிண்டர்க்காரனை.”

கணவர் போய் இன்றோடு பத்தொன்பது நாள். அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். மேஜை மேல் இரண்டு கணினித் திரைகள், ஆறிப்போன காபி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று தெரியாத வயர்கள். ஒன்று மேஜை இழுப்பறைக்குள்ளேயே நுழைந்து போயிருந்தது.

இங்கே உட்கார்ந்துகொண்டுதான் தம்பி பட்டியல் போடுகிறான். தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர்களுக்கு ஒரு வெப்சைட், மீன் தொட்டி கழுவித் தருபவர்களுக்கு இன்னொன்று. பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் இருக்கும். பட்டியலில் மேலே வரவேண்டுமானால் கடைக்காரர் மாதாமாதம் பணம் கட்டவேண்டும். சைட் ஓட ஆரம்பித்ததும் நல்ல விலைக்கு விற்றுவிடுவான்.

“மச்சான் குறட்டை விட்டா காசு கொட்டுது. நான் விட்டா உன்கிட்டேர்ந்து திட்டுதான் கொட்டுது” என்பார் கணவர், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சிரித்துக்கொண்டே. வீட்டுக்கே ஆக்சிஜன் கொண்டுவந்து தரும் கடைகளைப் பட்டியல் போடும் யோசனை தம்பிக்கு வந்ததே அவரைப் பார்த்துத்தான்.

“அந்த சைட் நாளைக்குக் கைமாறுதுக்கா. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.”

“தாராளமா மாறட்டும். அன்னிக்கு என்ன ஆச்சுன்னு நீ என்னை முழுசா கேக்கவே இல்லையே.”

“கேக்கத் தைரியம் இல்லக்கா.”

“இப்பக் கேளு. மத்தியானம் மூணு மணிக்கு கரன்ட் போச்சு. ஆக்சிஜன் மெஷின் நின்னுடுச்சு. கைவசம் இருந்த சிலிண்டர் அரை மணி நேரம்தான் தாங்கும்னு முள்ளு காட்டுது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னா, ‘வண்டியெல்லாம் வெளியில இருக்கும்மா, வந்ததும் அனுப்பறோம்’னாங்க. உனக்கு அடிச்சேன். சுவிட்ச் ஆஃப்.”

“சைட் வாங்கறவரோட நேர்ல பேசிட்டிருந்தேன்க்கா, போனை அணைச்சு வெச்சிருந்தேன்...”

“குத்தம் சொல்லலடா. தம்பி இல்லாட்டி என்ன, தம்பி போட்ட சைட் இருக்கேன்னு திறந்தேன். முதல்ல ஒருத்தன் ஒன்றரை மணி நேரம் ஆகும்னான். அப்புறம் பாத்தா, நம்ம வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளியே ஒரு கடை. ‘பத்தே நிமிடத்தில்’னு போட்டிருக்கு. பக்கத்துல பச்சை டிக் வேற. ஓடிப்போய்ப் பாக்கலாம்னா அவரை யார்கிட்ட விட்டுட்டுப் போறது? இருபத்து மூணு தடவை அடிச்சேன்டா. அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘எடுத்தானா, எடுத்தானா’ன்னு கண்ணாலயே கேக்கறார்.”

தம்பி தரையைப் பார்த்தான். “வேற கடைக்கு அடிச்சிருக்கலாமேக்கா.”

“‘உபயோகத்தில் இல்லை’ன்னு வந்திருந்தா அடிச்சிருப்பேன். ரிங் போச்சேடா! ரிங் போனா ஆள் இருக்கான், இதோ எடுக்கப்போறான்னுதானே தோணும்? அந்த ‘இதோ’விலேயே அரை மணி நேரமும் போச்சு. அவரும் போயிட்டார்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் தொடர்ந்தாள்.

“நேத்து அந்தக் கடையைத் தேடிப் போனேன். இருபத்தாறு வருஷமா தபால் பிரிக்கறவ நான். விலாசத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாது. அந்தச் சந்துல பன்னிரண்டாம் நம்பரோட வீடு முடிஞ்சு போச்சு. அப்புறம் குட்டிச்சுவர். இவன் பதினாலுன்னு போட்டிருக்கான், படுபாவி. இந்தா.”

கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். ‘வெள்ளை இறகு ஆக்சிஜன்.’ கீழே விலாசம், போன் நம்பர்.

வாங்கிப் படித்த தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

“நீ... இந்த நம்பருக்கா அடிச்சே?”

“ஆமா. தெரிஞ்சவனா?”

“விட்டுடுக்கா. போனவர் திரும்பியா வரப்போறார்?”

“அவன் மேல உனக்கு ஏன்டா இவ்வளவு கரிசனம்? மாசம் தவறாம பணம் கட்டறானா?”

“அதெல்லாம் இல்லக்கா...”

“அப்ப நீ கேக்கவேண்டாம். உன் கண்ணெதிரேயே நான் கேக்கறேன். இன்னிக்காவது எடுக்கறானா பாப்போம்.”

“அக்கா, வேண்டாம்!”

அதற்குள் அவள் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள். அன்றைக்குப் போலவே ரிங் போயிற்று.

மேஜை இழுப்பறைக்குள் ஏதோ உர்ர்ர் என்று உறுமியது.

தம்பி அசையவில்லை. அவளே எழுந்துபோய் இழுத்தாள். சார்ஜர் வயர் மாட்டிய பழைய போன் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. திரையில் அவளுடைய நம்பர். அவள் தன் போனை அணைத்ததும் அதுவும் அடங்கியது. ‘தவறிய அழைப்புகள்: 24’ என்று காட்டியது.

“என் லிஸ்ட்டை அப்படியே திருடி வேற சைட்ல போட்டுடறாங்கக்கா” என்றான் தம்பி, சுவரைப் பார்த்து. “திருடனைக் கையும் களவுமா பிடிக்க ஒவ்வொரு லிஸ்ட்லயும் ஒரு பொய்க் கடையைச் சேர்த்து வைப்பேன். அது வேற சைட்ல வந்தா, என்கிட்டேர்ந்து திருடினதுன்னு தெரிஞ்சுடும். அப்படி ஒரு கடையே கிடையாதுக்கா.”

அவள் அந்தப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“இல்லாத கடைக்கு எதுக்குடா போனு?”

“ரிங் போனாத்தானேக்கா நிஜம்னு நம்புவாங்க.”