லெட் எப்ப வந்துச்சு?

“வார்னு எழுத வேணாம். மாறுற விஷயத்துக்கு லெட், மாறாததுக்கு கான்ஸ்ட். ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம்ல இப்ப எல்லாரும் அப்படித்தான் எழுதிக்கினு இருக்காங்க” என்றாள் ஃபஸீஹா.

மாடி அறையில் ஹுதைஃபா லேப்டாப்பை நெருங்கிப் பார்த்தான். நெற்றிக்கு மேல் தையல் போட்ட இடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை. “விழுப்புரம் காலேஜ்ல எங்களுக்கு வார் மட்டுந்தான் சொல்லிக் குடுத்தாங்க. இந்த லெட்டெல்லாம் எப்ப வந்துச்சு டீச்சர்?”

“அது வந்து பத்து வருஷம் ஆவுது.”

“அவ்ளோ நாளாச்சா?” வெட்கத்தோடு சிரித்தான். “நான் எங்க இருந்தேன்னே தெரியலயே.”

ஃபஸீஹா திண்டிவனம் கம்ப்யூட்டர் சென்டரில் பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு, பஸ் பிடித்து கோட்டக்குப்பம் வந்து, பர்தாவைக்கூடக் கழற்றாமல் அவன் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

“முன்னெல்லாம் வார்த்தைங்கள பிளஸ் போட்டு ஒட்டுவோம். இப்ப பேக்டிக்னு ஒரு குறி இருக்கு. கீபோர்டுல எங்கன்னா…”

அவள் காட்டுவதற்குள் அவன் விரல், பார்க்காமலே, மூலையிலிருந்த அந்த விசையை அழுத்திவிட்டது.

“உங்களுக்குத் தெரியுமா?” அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியலீங்க. கை தானா போச்சு.” தன் விரலையே குழப்பத்தோடு பார்த்தான்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

“சரி. சலாம்னு எழுதி, பக்கத்துல ஒரு பேரு வர்ற மாதிரி பண்ணுங்க.”

தட்டிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். “உங்க பேரையே போடுறேன். என்ன சொன்னீங்க டீச்சர்?”

“ஃபஸீஹா.”

“நல்ல பேரு.” ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்துத் தட்டினான். திரையில் சலாமுக்குப் பக்கத்தில் அவள் பெயர் வந்து நின்றது. அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

“பொழுது போயிடுச்சு. உங்க வீட்ல தேடுவாங்க” என்று மரியாதையாக எழுந்து நின்றான்.

“வர்றேங்க” என்று சொல்லிவிட்டு அவள் கீழே இறங்கினாள்.

சமையலறை வாசலில் ஹுதைஃபாவின் தாய் ஜுலைகா பீவி காத்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணைப் பார்த்ததும், மாடிக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

“இன்னிக்காச்சும் உம் புருஷனுக்கு உன்ன அடையாளம் தெரிஞ்சுதாம்மா?”