மூன்று முறை கழுவினேன்

“நான் கழுவல சார்” என்றார் அக்கா.

தண்ணீர் சோதிக்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவர் அக்காதான். குற்றவாளி இவ்வளவு சுலபமாக மாட்டுவார் என்று தலைமை ஆய்வாளரே எதிர்பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மேலிடத்து அதிகாரியைப் பார்த்து, ‘நான் சொன்னேனா இல்லையா’ என்பதுபோல் தலையாட்டினார்.

விஷயம் லேசானதல்ல. போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக் குடிதண்ணீரைச் சோதித்து, அதில் கடலுக்குச் சமமாக உப்பு இருப்பதாக இந்தக் கூடம் எழுதிக் கொடுத்துவிட்டது. பிள்ளைகள் என்னவோ அந்தக் ‘கடலை’ முகம் சுளிக்காமல் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். உப்பு பார்க்கும் மீட்டரை யாரோ கடல்நீரில் முக்கிவிட்டு, கழுவாமலே வைத்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை.

தலைமை ஆய்வாளரையும் அக்காவையும் சேர்த்துக் கூடத்தில் வேலை பார்த்த ஐந்து பேருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரு மீட்டர்தான். உபயோகித்த கையோடு அதைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று முறை கழுவ வேண்டும், பிறகு பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது, அதிலும் உப்பு உண்டு.

தலைமை ஆய்வாளர் கடைசிப் பத்து நாள் பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். ‘மூன்று முறை கழுவினேன்’ என்று நான்கு பேரின் கையெழுத்தும் ஒரு நாள் தவறாமல் இருந்தது. அக்காவின் கட்டம் மட்டும் காலி.

“சீனியர், நீங்க சொல்லுங்க.”

“மூணு தடவை சார். சில நாள் மனசு கேக்காது, நாலாவது தடவையும் ஊத்துவேன்.”

போன மாதம் கல்யாணமானதால் ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வாங்கியிருந்தவர் அடுத்து எழுந்தார். “நேத்துக்கூட கழுவினேன் சார். தண்ணி என்னா சில்லுன்னு இருந்துச்சு, விரலே மரத்துப் போச்சு.”

“என் பிள்ளையைக்கூட நான் இப்படிக் குளிப்பாட்டினதில்ல சார்” என்றார் கண்ணாடிக்காரர். பிள்ளை விஷயத்தில் அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம்.

“அவ்வளவு ஏன், முந்தாநாள் நானே என் கையால கழுவினேன்” என்றார் தலைமை ஆய்வாளர். “பதவியைப் பாத்தா வேலை நடக்குமா?”

அதிகாரி நெகிழ்ந்துபோனார்.

தலைமை ஆய்வாளர் அக்காவின் பக்கம் திரும்பினார். “ஏம்மா, பத்து நாளா நீங்க மட்டும் கையெழுத்தே போடலையே?”

“பத்து நாளா நான் மீட்டரையே தொடல சார். அன்னைக்கே லெட்டர் எழுதி உங்க மேஜைல...”

“லெட்டர் கதையெல்லாம் அப்புறம் பாக்கலாம். வேலையும் செய்யல, கழுவவும் இல்ல. ரொம்ப சந்தோஷம்.”

தொடாத மீட்டரை இவர் எப்படி அழுக்காக்கினார் என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்டால் விசாரணை நீளும், அதிகாரிக்கோ வண்டிக்கு நேரமாகிவிட்டது. தவிர, அக்காவுடையது ஒப்பந்த வேலை. ஒரே தாளில் முடித்துவிடலாம்.

அக்காவுக்கு இருந்த ஒரே வருமானம் இதுதான். வீட்டில் படுத்த படுக்கையாகக் கணவர், படிக்கிற பெண்கள் இரண்டு பேர். இந்த வேலையும் போனால் அடுத்த மாதம் அடுப்பு எரியாது. பேச வாயெடுத்தார், அழுகைதான் வந்தது.

வேலை நீக்க உத்தரவு அச்சாகி வந்து சேர்ந்தது. அதிகாரி பேனாவைத் திறந்தார். சும்மா ஒரு மரியாதைக்காக, காலையிலிருந்து யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

“ஏம்மா, எல்லாரும் கழுவியிருக்காங்க. நீங்க மட்டும் ஏன் கழுவல?”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“காய்ச்சி வடிக்கிற மிஷின் ரிப்பேர் சார், பத்து நாளா அந்தத் தண்ணி ஒரு சொட்டுகூட இங்க இல்ல.”